பூஜையில் வைத்த லிப்ரெட்டோ

கங்கைகொண்டானில் ஒரு கம்பெனிக்குக் கணக்குப் பார்க்கும் காந்திமதிநாதனுக்கு ஒரே ஒரு கிறுக்கு உண்டு. ஜப்பான்காரன் முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்துவிட்டு மறந்துபோன குட்டி மடிக்கணினிகளைத் தேடி வாங்கி உயிர் கொடுப்பது. குப்பைக்கென்று ஒரு அறையையே எழுதிவைத்திருக்கிறார் என்று அவர் மனைவி சித்ரலேகா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த அறை வாசலை அவள் மிதித்ததில்லை.

இந்தப் புரட்டாசியில்தான் அவருக்கு நேரம் கூடிவந்தது. வீடியோ கேசட் அளவே இருக்கும் லிப்ரெட்டோ என்கிற மடிக்கணினி ஒன்று, செத்துப்போன மூன்று கூட்டாளிகளின் பாகங்களை வாங்கிக்கொண்டு கண் திறந்தது. திரையில் வெளிச்சம் வந்ததும் மனுஷன் அழுதேவிட்டார். இதுவும் போனால் மாற்றிப் போட அவரிடம் இன்னொரு மதர்போர்டு கிடையாது.

சரஸ்வதி பூஜையன்று ஆபீஸ் பூஜையை முடித்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தார். பூஜை அறையில் புத்தகங்களுக்கும் அரிவாள்மனைக்கும் நடுவில் லிப்ரெட்டோ இருந்தது. சித்ரலேகாதான் ஈரத் துணியால் நன்றாகத் துடைத்து, புத்தகம்போலத் திறந்து வைத்திருந்தாள். திரையில் சந்தனமும் குங்குமமும். எழுத்துப் பொத்தான்களின் இடுக்கெல்லாம் பன்னீர்.

இப்போதே பேட்டரியைக் கழற்றிக் காயவைத்தால் பிழைத்துவிடும். விடியும்வரை விட்டால் போர்டு அரித்துப்போகும். கையை நீட்டினார்.

"தொடப்பிடாது," என்றாள் சித்ரலேகா. "பூஜையில வச்சத நாளைக்குத்தான எடுக்கணும். அன்னைக்கு நீங்க அழுததப் பாத்தேன். அதான் இதுக்கும் ஒரு பொட்டு வைப்போம்னு தோணிச்சு."

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த அறைக்குள் போயிருக்கிறாள். கோபம் வந்திருந்தாலாவது தேவலை, அதுவும் வரவில்லை. பேட்டரி, ஈரம் என்று சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். இப்படியும் ஒரு கையாலாகாதவனா என்று தன்னையே திட்டிக்கொண்டு, அவள் கொடுத்த சுண்டலை வாங்கித் தின்றார். ருசி தெரியவில்லை.

மறுநாள் காலை தீபாராதனை காட்டிவிட்டு அவளே அதை இரண்டு கையாலும் ஏந்திவந்து மேஜையில் வைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போடுங்க, நானும் பாக்கேன்."

பொத்தானை அமுக்கினார். திரை கறுப்பாகவே இருந்தது. திரும்பவும் அமுக்கினார்.

"பழசுல்லா, பைய வரும்," என்றாள் அவள். "இது நல்லாருக்கணும்னு வேண்டியிருக்கேன்."

"வரும்," என்றார் அவரும். விரலை எடுத்துவிட்டால் அவளுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் அமுக்கிக்கொண்டே இருந்தார்.