அமுக்கிய அறுகோணம்

கனகலதா டீச்சருக்குப் புது டீச்சர் உண்ணாமலையைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வந்தது. வேலைக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை, அதற்குள் ஏழாம் வகுப்புப் பெண்கள் அவள் பின்னாலேயே சுற்றினார்கள். பௌர்ணமியன்று அடி அண்ணாமலை கிராமத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் பக்கமே வராது. கிரிவலப் பாதையில் கடை போட்ட அம்மாவுக்கு ஒத்தாசையாக நின்றுவிடும். உண்ணாமலையின் கணக்கு வகுப்பு இருந்தால் மட்டும் அவையும் வந்து உட்கார்ந்தன. இது எந்த ஊர் நியாயம்?

தொண்ணூற்றெட்டாம் வருஷம் சென்னையில் நடந்த கற்பித்தல் கருவிக் கண்காட்சிக்கு ஒரு ஆசிரியையை அனுப்ப வேண்டியிருந்தது. கல்வி அதிகாரி வகுப்பை நேரில் பார்த்து முடிவு செய்வதாக ஏற்பாடு. கனகலதா ஆசாரியிடம் பலகையில் ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் அறுத்து வாங்கி, பெயின்ட் அடித்துப் பீரோவில் தயாராக வைத்திருந்தாள். சென்னைக்குத் தான்தான் போகப்போவதாக வீட்டில் சொல்லியும் விட்டாள்.

உண்ணாமலை கொண்டுவந்ததோ விளக்குமாற்றுக் குச்சி. ஒரே நீளத்துக்கு நறுக்கி, மூலைக்கு மூலை வளையும் சைக்கிள் வால்வு ரப்பர் டியூப் துண்டில் செருகி, அதே கோணங்களைச் செய்திருந்தாள். இதெல்லாம் ஒரு கருவியா? ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொன்று செய்து வைத்துக்கொண்டு கொஞ்சிக்கொண்டிருந்தன.

அதிகாரி முதலில் கனகலதாவின் வகுப்புக்கு வந்தார். பலகையைத் தட்டிப் பார்த்து, கொட்டாவியை அடக்கியபடி, "நல்லாருக்கும்மா" என்றார். உண்ணாமலையின் வகுப்பில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். கூடவே வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்த கனகலதா அதையும் கவனித்துக்கொண்டாள்.

'எல்லாப் பக்கங்களும் சமமாக இருந்தால் அது ஒழுங்கு பலகோணம்' என்று உண்ணாமலை கரும்பலகையில் எழுதி நிறுத்தினாள். கோணத்தைக் காணோம்! குச்சி நீளத்தையே பார்த்துப் பழகியவள், கோணங்களும் சமமாக இருக்க வேண்டும் என்பதைக் கோட்டை விட்டுவிட்டாள். மாட்டினாயா என்று கனகலதாவின் மனம் குதித்தது.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதிகாரி கவனிக்காமல் போய்விட்டால்? விறுவிறுவென்று முன்னால் போனாள். மேஜை மேலிருந்த குச்சி அறுகோணத்தை எடுத்து இரண்டு கையாலும் அமுக்கினாள். அது சப்பையாக நசுங்கியது.

"பக்கமெல்லாம் சமமாத்தான இருக்குது? இப்ப இது ஒழுங்கு பலகோணமா?" என்று உண்ணாமலையைக் கேட்டாள்.

உண்ணாமலைக்கு முகம் வெளுத்துவிட்டது. அவள் வாய் திறப்பதற்குள் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள். "இல்ல டீச்சர்! பக்கம் சமம், மூலைங்க சமமா இல்ல. ஒண்ணு குறுகிடுச்சி, ஒண்ணு விரிஞ்சிடுச்சி!"

வகுப்பே தங்கள் குச்சிகளை அமுக்க ஆரம்பித்தது. "முக்கோணம் மட்டும் நசுங்க மாட்டேங்குது டீச்சர்!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உண்ணாமலை 'பக்கங்களும்' என்பதற்குப் பக்கத்தில் 'கோணங்களும்' என்று சேர்த்து எழுதினாள்.

அதிகாரி கைதட்டினார். "பிரமாதம்! பாதி எழுதி, அமுக்கிக் காட்டி, மீதிய பசங்க வாயாலயே வரவெச்சிட்டீங்க. ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினு செஞ்சீங்களா? சென்னைக்கு இதையே கொண்டு போங்க. உண்ணாமலை டீச்சர் பாடம் எடுக்கட்டும். கனகலதா டீச்சர், நீங்க கூடப் போயி அமுக்கிக் காட்டுங்க."

அமுக்கிக் காட்ட ஒரு ஆள்! கனகலதா தலையை ஆட்டிவைத்தாள். பேசி வைக்கவில்லை என்று சொன்னால், பின்னே எதற்கு எழுந்து வந்தாய் என்று கேட்பார்களே.

மணி அடித்ததும் உண்ணாமலை வராந்தாவில் ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. "அக்கா, நான் மறந்தே போய்ட்டேன். அவரு முன்னால மானம் போயிருக்கும். நீங்க மட்டும் வந்து காப்பாத்தலன்னா..."

அவள் நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். துருவித் துருவிப் பார்த்தும் அந்த முகத்தில் வேறெதுவும் இல்லை. தனக்கு யாராவது இப்படிச் செய்திருந்தால் கனகலதா ஜென்மத்துக்கும் மன்னித்திருக்க மாட்டாள். இத்தனை நாள் அவளுடைய குச்சியையும் பிள்ளைகளையும் பார்த்துத்தான் பொறாமைப்பட்டாள். இப்போது அந்த மனசைப் பார்த்தும் பொறாமை வந்தது. அதை எந்த ஆசாரியிடம் போய் அறுத்து வாங்குவது?

"சரி சரி, வுடு. பஸ்ஸுக்கு நேரமாச்சி" என்று கையை உருவிக்கொண்டாள்.