குண்டுவின் வலது கன்னம்

எங்கள் ஊரில் யாருக்கும் முத்தம் கொடுக்காமல் ஒரு அறைக்குள் நுழையத் தெரியாது. வேலைக்குப் போனால் முத்தம், கிளம்பினால் முத்தம். பல் டாக்டருக்கு முத்தம், அவர் பல்லைப் பிடுங்கிய பிறகும் முத்தம். வலது கன்னத்தோடு வலது கன்னம், ஆணுக்கு ஆணும் அப்படித்தான். மொந்தெவிதேயோவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது ஒரு தொல்லை என்று தோன்றியதே இல்லை. ஒப்பனைப் பள்ளியில் கடைசி வருஷத் தொகுப்பு செய்ய உட்கார்ந்த பிறகுதான் இந்த ஊரின் வாயையெல்லாம் சேர்த்து ஒட்டுப்போட்டால் என்ன என்று வயிறு எரிய ஆரம்பித்தது.

தொகுப்பில் மற்றதெல்லாம் முடித்துவிட்டேன். வரைபடங்கள், கிழவி முகம், தீக்காயம், சக மாணவிகளின் முகத்தில் போட்டுப் பழகியவை எல்லாம் இருந்தன. பாக்கி ஒன்றுதான். உண்மையான மேடையில் ஏறும் ஒரு முகம், ஆரம்பம் முதல் கடைசி வரை என் கையாலேயே போட்டது. அதற்கு மூன்று படங்கள் வேண்டும். வெறும் முகம், வேஷம் முடிந்த முகம், நிகழ்ச்சியின் கடைசிப் பாட்டில் மேடை விளக்கின் கீழ் அதே முகம். மூன்றாவது படம்தான் எல்லாம். வியர்வைக்கும் வெளிச்சத்துக்கும் சாயம் நின்றதா என்பதை அதுதான் சொல்லும். தொகுப்பு தேறினால் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால் மார்ச்சில் பெரிய நாடக அரங்கின் ஒப்பனை அறையில் காலியாகும் இடத்துக்கு நான் போகலாம். அங்கே ஒரு இடம் காலியாவதே அபூர்வம். இருப்பவர்கள் சாகவும் மாட்டார்கள், ஓய்வு பெறவும் மாட்டார்கள்.

திருவிழா மாதம் ஆயிற்றே, முகத்துக்கா பஞ்சம் என்று லா தேஹா பேட்டையில் உள்ள ஒட்டுச்சட்டைக்காரர்கள் என்ற முர்கா குழுவில் போய்ச் சேர்ந்தேன். வருஷம் முழுக்க அரசியல்வாதிகள் செய்ததை எல்லாம் பாட்டாகக் கட்டி, முகம் நிறையச் சாயம் பூசிக்கொண்டு, ஊர் ஊராக மேடை ஏறிக் கிழிக்கும் பதினேழு ஆண்கள். குழுவின் ஒப்பனைக்குத் தலைவி மிர்த்தா. அவள் அறையில் வேலை கைமாறிக் கைமாறி நடக்கும். ஒருத்தி வெள்ளை பூசுவாள், மிர்த்தா கோடு இழுப்பாள், அவள் தங்கை ஜிகினா ஒட்டுவாள். வெள்ளை பூசியது யார் என்று கேட்கவே வேண்டாம். பத்து நாள் வெள்ளை பூசினேன். எல்லா முகத்திலும் நான் இருந்தேன், எந்த முகத்திலும் தெரியவில்லை. சுவருக்குப் பட்டி பார்க்கிறவன் கதைதான்.

பின்னாலேயே அலைந்து கெஞ்சிக் கூத்தாடியதில் மிர்த்தா எனக்கு வில்மாரைக் கொடுத்தாள். பெருமைப்பட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை, யாருக்கும் வேண்டாத முகம் அது. வில்மார் பெரிய மத்தளம் அடிப்பவர். பகலில் நகரப் பேருந்து ஓட்டிவிட்டு எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்வார். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி வியர்க்கும். எல்லாரும் அவரைக் குண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், அவர் மனைவி உட்பட. அந்த வருஷம் எங்கள் நிகழ்ச்சி மீன் சந்தையைப் பற்றியது. அவர் முகத்துக்கு நான் செதில் வரைந்தேன். நெற்றியிலிருந்து தாடை வரை நீலமும் வெள்ளியுமாக ஒவ்வொரு செதிலாக, மெல்லிய தூரிகையால். சொந்தப் பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், அது நல்ல முகம். மிர்த்தாகூட ஒரு தடவை நின்று பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் போனாள். அவள் எதுவும் சொல்லாமல் போவது பெரிய விஷயம்.

கடைசிப் பாட்டில் எடுத்த முதல் படத்தை, தொகுப்பைத் திருத்தும் இவோன் டீச்சரிடம் கொண்டுபோனேன். நெற்றி அப்படியே இருந்தது. இடது கன்னம் அப்படியே இருந்தது. வலது கன்னம் மட்டும் சாணி மெழுகிய மாதிரி. டீச்சர் பேனாவால் அந்த இடத்தைத் தட்டினார்.

"சாயம் நிக்கலையே."

நின்றது டீச்சர், முத்தம் கொடுத்துக் கெடுத்துவிட்டார் என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"மேடையில கலைஞ்சா உன் தப்பு. மேடைக்கு முன்னாடி கலைஞ்சா அதுவும் உன் தப்புதான். வேற படம் கொண்டு வா."

என் பாடு ஆரம்பித்தது. பவுடரை இரண்டு மடங்காக்கினேன். சாயத்தை இறுக்கும் திரவத்தைப் பீய்ச்சிப் பீய்ச்சி அவருக்கு இருமல் வந்ததுதான் மிச்சம். மேடை மேடையாகப் போகும் குழுவின் பேருந்தில் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகக் காவல் காத்தேன். இறங்கியவுடன் ஒலிபெருக்கிக்காரருக்கு ஒரு முத்தம். பொரித்த ரொட்டி விற்கிற அம்மாவுக்கு ஒன்று. எங்களுக்கு முன்னால் ஆடிவிட்டு இறங்கும் குழுவில் இருபது பேர் என்றால் இருபது பேருக்கும். நான் தொட்டுத் திருத்தி முடித்து மூடியைத் திருகுவேன், அவர் படி ஏறுவதற்குள் இன்னும் இரண்டு பேர் கன்னத்தை நீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏன் இப்படி உயிரை வாங்குகிறாய் குண்டு என்று கேட்டால், பார்த்தும் பாராத மாதிரி போனால் அவன் என்னை என்ன நினைப்பான் என்பார். அவருக்கு அது புரியவே இல்லை. நான் மூக்கைச் சிந்தும்போது தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போவார்.

அப்படிப்பட்ட மனுஷர் ஒரே ஒரு ஆளைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அது அவர் மகன் கஸ்தோன். அந்தப் பையன் நாங்கள் ஒத்திகை பார்க்கும் கிளப்பின் தரையில் தவழ்ந்து வளர்ந்தவன். அப்பாவின் மத்தளத்துக்குப் பக்கத்தில் நின்று தாளம் தட்டியவன். போன வருஷம் திருவிழா முடிந்ததும் எதிர்க் குழுவான தொப்பிக்காரர்களிடம் போய்விட்டான். அங்கே பாட விட்டார்கள், இங்கே தாளம் மட்டும்தான். குண்டு கத்தவில்லை, வீட்டை விட்டுத் துரத்தவில்லை. வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டார். எங்கள் ஊரில் அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. ஒரு வருஷமாக அப்பாவும் மகனும் ஒரே தெருவில் நடக்கிறார்கள், கன்னம் படவில்லை. கிளப்பில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. திறந்த மேடைகள் எல்லாம் ரத்து. நான் ஜன்னலில் நின்று வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் மிஞ்சியது சனிக்கிழமை ஒன்றுதான். கடற்கரையோரம் உள்ள கோடை அரங்கில் போட்டிச் சுற்று. திங்கட்கிழமை காலை தொகுப்பைக் கொடுத்தாக வேண்டும். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் மேடையில் யார் என்று சுவரொட்டியைப் பார்த்தேன். தொப்பிக்காரர்கள். எனக்கு அப்போது அதில் ஒரே ஒரு விஷயம்தான் தோன்றியது. இன்னும் இருபது முத்தம்.

சனிக்கிழமை சாயங்காலம் குண்டுவை நாற்காலியில் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினேன். இன்றைக்கு ஒரு நாள் யாருக்கும் முத்தம் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் என் வருஷம் போச்சு, மார்ச் போச்சு, எல்லாம் போச்சு என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்குக் கோபம் வந்தாலும் அழுகைதான் வரும், அது ஒரு சனியன். அவர் பயந்துபோய்ச் சத்தியம் செய்தார்.

சொன்னபடி நடந்தும் காட்டினார். அரங்கில் இறங்கியதும் போக்குவரத்துப் போலீஸ் மாதிரி ஒரு கையைத் தூக்கிக்கொண்டார். பொண்ணுக்குப் பரீட்சை, யாரும் கிட்ட வராதீங்க என்று போகிற வருகிற எல்லாரிடமும் சொன்னார். நான் அவருக்கு முன்னால் ஒரு துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சிலர் சிரித்தார்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு உண்மையாகவே மனசு கஷ்டமாகிவிட்டது, நான் என்ன பண்ணினேன் என்று இரண்டு தடவை கேட்டார். குண்டு கன்னத்தைக் காட்டாமல் எட்ட நின்றே அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிவிட்டு வந்தார். மேடைக்குப் பின்னால் போய் நின்றபோது ஒரு செதில்கூட நகரவில்லை. எனக்குக் கால் தரையில் படவில்லை.

தொப்பிக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அந்த வருஷம் அவர்கள் முகமெல்லாம் கிளிப்பச்சை. வியர்வையில் நனைந்து கழுத்து வரை வழிந்துகொண்டிருந்தது. நான் துண்டைத் தூக்கிப் பிடித்தேன். கதை ஏற்கெனவே பரவிவிட்டதால் எல்லாரும் கேலி செய்துகொண்டே ஒதுங்கிப் போனார்கள். கடைசியாக வந்தவன் மட்டும் நின்றான். சாயத்துக்குள்ளே யார் என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு கணம் ஆயிற்று.

கஸ்தோன் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். ஒரு அடி முன்னால் வந்து கன்னத்தை லேசாகச் சாய்த்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? துண்டை இன்னும் உயரத் தூக்கினேன். பழக்கம். கை தானாகப் போய்விட்டது.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு துண்டுக்கு மேலே அப்பாவைப் பார்த்தான்.

"இப்ப ஆள் வேற வச்சுத் தடுக்கிறியாப்பா?"

குண்டு, "பொண்ணுக்குப் பரீட்சைடா" என்றார். அதே வார்த்தையைத்தான் எல்லாரிடமும் சொல்லியிருந்தார், மற்றவர்களிடம் வேடிக்கையாக இருந்தது. இவனிடம் அது எவ்வளவு கேவலமான சாக்காக இருந்தது என்று எனக்கே கேட்டது. கஸ்தோன் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினான்.

துண்டை இறக்கியிருக்கலாம். யோசித்தேன், இல்லை என்று சொல்லமாட்டேன். என் மார்ச் மாதத்தையும் யோசித்தேன். நான் யோசித்து முடிப்பதற்குள் மத்தளம் என் விலாவில் இடித்தது. குண்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார். வயிற்றுக்கு முன்னால் மத்தளம் தொங்கியதால் கட்டிப்பிடிக்க முடியவில்லை. அதன் மேல் கவிழ்ந்து கழுத்தை நீட்டினார். பையன் அந்தப் பக்கமிருந்து குனிந்தான். கன்னத்தோடு கன்னம். அது எங்கள் ஊர் முத்தம் இல்லை. எங்கள் முத்தம் தொட்டவுடன் முடிந்துவிடும், இது முடியவே இல்லை. ஒட்டுச்சட்டைக்காரர்கள் பதினாறு பேரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

திரும்பி வந்தபோது வலது கன்னத்தில் செதில் ஒன்றும் இல்லை. கண்ணுக்குக் கீழிருந்து தாடை வரை எதிர்க் குழுவின் கிளிப்பச்சை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பஞ்சை நனைத்தேன். மேடைக்காரர் இரண்டு நிமிஷம் என்று விரலைக் காட்டினார். இரண்டு நிமிஷம் போதும். கிட்டத்தில் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும், படத்தில் தெரியாது. நான் கையைக் கொண்டுபோனேன், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"விடு யானி. அப்படியே இருக்கட்டும்."

"குண்டு, விளையாடாதே. என் வருஷமே போயிடும்."

"தெரியும்." அவர் கண்ணைத் துடைக்கவில்லை, இரண்டு கையிலும் மத்தளக் கோல் இருந்தது. "உனக்கு அடுத்த வருஷம் இருக்கும்மா. எனக்கு இது மறுபடி கிடைக்குமான்னு தெரியாது."

அநியாயம் இல்லையா இது? சத்தியம் செய்தவர் அவர். அழுது கேட்டவள் நான். இத்தனை நாள் இந்த முகத்துக்காக நாயாக அலைந்திருக்கிறேன். அவர் கை இரண்டும் மாட்டிக்கொண்டிருந்தது, நான் துடைத்தால் அவரால் தடுக்க முடியாது. பஞ்சு அவர் கன்னத்துக்கு அரை விரல் தூரத்தில் இருந்தது. தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்து முழங்கை வரை வந்துவிட்டது. அவர் தலையை நகர்த்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார், செய்ய மாட்டேன் என்று நம்பி.

நம்புகிறவர்கள்மேல் எனக்கு எப்போதும் எரிச்சல்தான். பஞ்சைப் பெட்டியில் எறிந்தேன்.

அவர் மேடை ஏறினார். விளக்கு விழுந்ததும் முன்வரிசையில் ஒரு சலசலப்பு. அது யார் பச்சை என்று அந்த அரங்கில் தெரியாதவர்கள் இல்லை. பின்னால் ஒருவர் எழுந்து நின்று கைதட்டினார், அது அப்படியே வரிசை வரிசையாக மேலே ஏறியது. முதல் பாட்டு ஆரம்பிக்கவே நேரமாயிற்று. கடைசிப் பாட்டில் நான் படம் எடுத்தேன். வேறு படம் ஏது என்னிடம்?

திங்கட்கிழமை இவோன் டீச்சர் அதை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். செதில்கள் வியர்வையில் கொஞ்சமும் அசையவில்லை என்று அவரே சொன்னார். பிறகு இந்தப் பச்சை என்ன என்று கேட்டார். முழுக் கதையையும் சொன்னேன். நான் முடித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், படத்தை இன்னும் ஒரு தடவை பார்த்தார்.

"இந்தப் படத்துலயே நல்லா இருக்கிறது இதுதான். ஆனா இது நீ போட்டது இல்லையே யானினா."

இல்லை என்றேன். அடுத்த வருஷம் வேறு முகம் கொண்டு வரச் சொன்னார். மார்ச்சில் அந்த இடத்துக்கு வேறொருத்தி போய்ச் சேர்ந்தாள், அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. படத்தை இப்போதும் யாரிடமாவது காட்டினால் எல்லார் கண்ணும் நேராக அந்தக் கன்னத்துக்குத்தான் போகிறது. செதில்களைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.