அவசரம் என்ற குறிச்சொல்

1

இந்தக் கதை என் அண்ணியுடையது. அவரிடம் கேட்டுத்தான் எடுத்துக்கொண்டேன். கேட்பதற்கு முன்பே இரண்டு பக்கம் எழுதியிருந்தேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

முதல் வாக்கியம் இப்படி இருந்தது: ‘அவள் ஒரு சொல்லைக் கொல்லப் புறப்பட்டாள்.’

அண்ணி படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். “நான் எதையும் கொல்லலம்மா. தப்பா ஒட்டியிருந்த சீட்டைப் பிரிச்சுட்டு, சரியான சீட்டை ஒட்டினேன்.”

“அதுல கதை எங்க இருக்கு அண்ணி?”

“அது உன் பாடு.”

சரி, என் பாட்டைப் பார்க்கிறேன்.

2

அண்ணி மருத்துவக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். மடக்குக் கட்டில், சளி உறிஞ்சும் மெஷின், ஆக்சிஜன் மெஷின் எல்லாம் அவர் மேசைக்கு வரும். [இங்கே அவருடைய கைகளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. உழைக்கிறவர்கள் என்றாலே கைகளை வர்ணிக்கப் போய்விடுகிறேன். எடுத்துவிட்டேன்.]

என் அப்பா படுக்கையில் விழுந்த வருடம், நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கான ஒரு கேள்வி பதில் தளத்தில் அண்ணி சேர்ந்தார். அப்பா போன பிறகும் அங்கிருந்து வெளியே வரவில்லை.

அந்தத் தளத்தில் கேள்வி கேட்பவர் ஒரு குறிச்சொல்லாவது ஒட்டியாக வேண்டும். படுக்கைப்புண், உணவுக்குழாய், ஆக்சிஜன் என்று. பதில் சொல்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த குறிச்சொல்லைப் பின்தொடர்வார்கள். அதில் புதுக் கேள்வி விழுந்தால் அவர்கள் போனில் மணி அடிக்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கேட்பவர்கள் பதறிப்போய் வருகிறவர்கள். கிட்டத்தட்ட ஐயாயிரம் கேள்விகளில் ஒரே ஒரு சொல்தான் ஒட்டியிருந்தது: அவசரம்.

அந்தச் சொல்லை ஒருவரும் பின்தொடரவில்லை. என்ன அவசரம் என்றே தெரியாத ஒன்றை யார் பின்தொடர்வார்கள்? விளைவு, அவசரப்பட்டவர்களுக்குத்தான் பதில் கடைசியாகப் போனது.

அண்ணி அதை எடுக்க முடிவு செய்தார்.

3

கதைக்கு ஓர் எதிராளி வேண்டும் என்று தளத்தைத் தொடங்கியவரைப் பிடித்துக்கொண்டேன். பேருந்து ஓட்டுநர். எல்லோருக்கும் அவர் டிரைவர் சார். விழுங்க முடியாத மகளைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர். இரண்டாம் வரைவில் அவருக்கு ஒரு முரட்டு மீசை வைத்து, மேசையைக் குத்த வைத்தேன். உண்மையில் அவர் தொலைபேசியில் மெதுவாகப் பேசினார். மீசையைப் பற்றி எனக்குத் தெரியாது.

“அந்த வார்த்தைய அவங்க யோசிச்சு எழுதல. வாய்ல வந்துச்சு, போட்டுட்டாங்க. அதை நாம எடுத்தா, உன் கஷ்டம் ஒண்ணும் பெருசில்லன்னு சொல்ற மாதிரி ஆயிடும்.”

“எடுக்கலேன்னா அவங்க குரல் யாருக்கும் கேக்கவே கேக்காது சார்.”

“உங்க இஷ்டம். ஆனா பாத்துப் பண்ணுங்க.”

அண்ணி பார்த்துப் பண்ணவில்லை. இதை எழுதலாமா என்று கேட்டபோது, “இதை எழுதலேன்னா மத்ததையும் எழுதாத” என்றார்.

4

ஒரு சனிக்கிழமை மதியம் அண்ணி உட்கார்ந்து, இரண்டு மணி நேரத்தில் நூற்றறுபது பழைய கேள்விகளைத் திருத்தினார். தளத்தின் குணம் ஒன்று அவருக்குத் தெரியும், அன்று மறந்துபோனார். ஒரு கேள்வியைத் தொட்டால் அது முதல் பக்கத்துக்கு ஏறி வந்துவிடும். நூற்றறுபது பழைய கேள்விகள் வரிசையாக ஏறின. அன்று வந்த புதுக் கேள்விகள் கீழே, கீழே—

[இந்த வாக்கியத்தை நான்கு முறை முடித்துப் பார்த்தேன். கிணறு, புதைகுழி என்று ஏதேதோ வந்தது. நேராகவே சொல்கிறேன்.]

அப்படிக் கீழே போனவற்றில் ஒன்று, வீட்டிலிருந்தே தைத்துக் கொடுக்கும் ஒரு பெண் எழுதியது. ‘வீட்டுக்காரரோட ஆக்சிஜன் மெஷின்ல மஞ்ச விளக்கு எரியுது. கத்திக்கிட்டே இருக்கு. விரல்ல மாட்டுற மீட்டர் 84 காட்டுது. என்ன செய்யணும்?’ குறிச்சொல்: அவசரம்.

அந்த இரண்டு மணி நேரமும் அதை யாரும் பார்க்கவில்லை. மஞ்சள் விளக்கு என்றால் என்ன என்று அண்ணி தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ‘உடனே சிலிண்டருக்கு மாத்துங்க, ஆம்புலன்சைக் கூப்பிடுங்க, பின்பக்க ஃபில்டரைப் பாருங்க.’ மூன்றே வரி. அந்த நேரத்தில் அவர் அதே தளத்தில், அதே குறிச்சொல்லைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

5

என் மூன்றாம் வரைவில் அந்தக் கணவர் இறந்துபோனார்.

அண்ணி பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தார். “அவர் சாகல. பக்கத்து வீட்டுக்காரங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க. ஒன்பது நாள் வார்டுல இருந்துட்டு வீட்டுக்கு வந்தார். உன் கதைக்காக அவரைச் சாகடிக்காத.”

“செத்தாத்தான் உங்க தப்போட கனம் தெரியும் அண்ணி.”

“எனக்குத் தெரியுது. போதும்.”

அன்று மாலையே நடந்ததை மறைக்காமல் தளத்தில் எழுதி, அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டார். டிரைவர் சார் கூப்பிட்டார்.

“நிறுத்திடுங்கம்மா.”

“நிறுத்த மாட்டேன் சார். அவசரமா செஞ்சது என் தப்பு, அதை மாத்திக்கிறேன். ஆனா அந்தக் கேள்வியில ஆக்சிஜன்னு இருந்திருந்தா என் போன் அடிச்சிருக்கும். அவசரம்னு இருந்ததால அடிக்கல. இதை எப்படி விடச் சொல்றீங்க?”

டிரைவர் சார், “ஒரு நாளைக்கு எத்தனை?” என்றார்.

“பத்து. அதுக்கு மேல தொட மாட்டேன்.”

6

கதைக்கு உதவாத பகுதி இது. ஒன்றுமே நடக்காது. தினமும் காலை ஆறு மணிக்கு, அண்ணன் குளித்துவிட்டு வருவதற்குள், சமையலறை மேசையில் பத்துக் கேள்விகள். ஒவ்வொன்றையும் முழுதாகப் படிப்பார். சரியான சொல்லை ஒட்டுவார். பதில் இல்லாமல் கிடந்தால் பதில் எழுதுவார், தெரியாவிட்டால் தெரிந்தவரைத் தேடிப்பிடிப்பார். காய்ச்சல் வந்த நாளிலும் பத்து. ‘இதெல்லாம் ஒரு வேலையா?’ என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து அந்தத் தையல்காரர் எழுதினார். ‘உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அப்புறம் என் கேள்விய நானே திரும்பிப் படிச்சேன். ஆக்சிஜன்னு நான் ஒட்டவே இல்ல. எனக்கும் தினம் பத்து குடுங்க.’

அதற்குப் பிறகு தினம் இருபது. புதுக் கேள்விகளில் அந்தச் சொல்லை ஒட்ட முடியாதபடி டிரைவர் சாரும் அடைத்துவிட்டார். ஒன்பதாவது மாதம் இரண்டு கேள்விகள்தான் மிஞ்சின.

ஒன்று டிரைவர் சாருடையது. தளத்தின் முதல் கேள்வியே அதுதான். ‘என் பொண்ணுக்கு வாய் வழியா ஒரு வாய் கஞ்சி குடுக்கலாமா?’ அந்தக் குறிச்சொல்லை முதன்முதலில் ஒட்டியவர் அவர். அண்ணி அதைத் தொடவில்லை, அவரிடம் கேட்கவும் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை பார்த்தால் அது மாறியிருந்தது: விழுங்குதல். திருத்தியவர் பெயர் அவருடையதே. மகள் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது.

கதை இங்கே முடிந்தால் எனக்கு வசதி.

7

மற்றொன்று ஆறு வருடம் பழையது. கேட்டவர் கணக்கை மூடிவிட்டுப் போய்விட்டார். பதில் இல்லை. மொத்தக் கேள்வியும் இதுதான்:

‘அம்மாவுக்குக் காலையிலிருந்து’

முற்றுப்புள்ளிகூட இல்லை.

“அழிச்சிரலாம்கா, அதுல ஒண்ணும் இல்லையே” என்றார் தையல்காரர் போனில்.

“கேக்கணும்னு ஒருத்தர் வந்திருக்காங்களே” என்றார் அண்ணி. திரையை என் பக்கம் திருப்பினார். “நீ எழுதுறவதானே. இது என்னவா இருக்கும், சொல்லு.”

மூன்று விதமாக முடித்துக் கொடுத்தேன். அம்மாவுக்குக் காலையிலிருந்து பேச்சு வரவில்லை. காலையிலிருந்து காய்ச்சல் இறங்கவில்லை. காலையிலிருந்து கொஞ்சம் தேவலை, எழுந்து உட்கார்ந்திருக்கிறார், இனி என்ன கொடுக்கலாம்? மூன்றாவதை எழுதும்போது எனக்கே கண் கலங்கியது.

அண்ணி மூன்றையும் பொறுமையாகப் படித்தார். “மூணும் உன்னோடது. அவங்களோடது இல்ல.”

“அப்ப விட்டுடுங்க.”

“விட மாட்டேன். எடுக்கத்தான் போறேன். எதை ஒட்டுறதுன்னு தெரிஞ்சதும்.”

இன்று காலை வரை அது அப்படியே இருக்கிறது. அதிலிருந்து பிரித்துவிட்டால் தளத்தில் அந்தச் சொல்லே இருக்காது. ஆறு மணிக்கு அண்ணி அதைத் திறக்கிறார், படிக்கிறார், மூடுகிறார்.

என்னாலும் இதை முடிக்க முடியாது, முடிக்கவும் கூடாது. நீங்களும் ஒரு நாள் யாருக்காவது பக்கத்தில் உட்கார்ந்து, போனில் எதையோ தட்டியிருப்பீர்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். இந்தக் கேள்விக்கு எதை ஒட்டுவது? உடனே சொல்ல வேண்டாம். முதலில் ஒருமுறை முழுதாகப் படியுங்கள். இரண்டே சொல்தான்.