தூர தேசத்துத் தேர்தல்

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் டிஷ் அன்டெனா வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். கல்யாண வீட்டுக்கே அதற்குள் சோறு வடிக்கலாம், அவ்வளவு பெரிசு. அன்று பின்னேரம் அரைக் கொழும்பும் என் ஹோலுக்குள் நெரிந்துகொண்டு நின்றது.

பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரியின் மகனை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் மாதக்கணக்காகியிருந்தது. ஓர் ஐரோப்பிய அரசாங்கம் காசு கொடுத்து நடத்தும் டிவிக்காரர் வந்து அவளைப் பேட்டி எடுத்திருந்தார்கள். அன்றைக்குத்தான் ஒளிபரப்பு. மகனின் படத்தை உலகமே பார்த்துவிட்டால் அவனை ஒளித்து வைக்க முடியாது என்று அவள் நம்பினாள்.

"ஐ.நா. சபையே எழும்பி நிக்கும், இருந்து பாருங்கோ தங்கச்சி" என்று நானும் அள்ளிவிட்டேன்.

நேரம் வந்தது. நீலத் திரையில் நாலு வரி ஆங்கிலம் மட்டும் வந்தது. அந்த நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாம். புதிய அரசாங்கம் செலவைக் குறைக்க அந்தச் சேவையையே நிறுத்திவிட்டதாம்.

"ஐ.நா. எழும்பல்ல, நாங்க எழும்பிட்டோம்" என்றபடி கடைக்கார மீரா சாஹிப் செருப்பைத் தேடினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

பாலேஸ்வரி மட்டும் திரைக்கு முன்னால் இருந்தாள்.

"அண்ணை, அவையின்ர நாட்டிலை திரும்ப எலெக்‌ஷன் எப்ப?"

எதற்கும் ஒரு புளுகு கைவசம் வைத்திருக்கும் நான் அன்றைக்கு உள்ளதையே சொன்னேன்.

"நாலு வருசம் செல்லும், தங்கச்சி."

அவள் தலையை ஆட்டினாள்.

"அதுவரைக்கும் இந்த டிஷ்ஷைக் கழட்டிப்போடாதேங்கோ."