கணுக்காலில் கட்டிய வாட்ச்

என் தம்பி பூபாலன் வாங்கித் தந்த ஸ்மார்ட் வாட்ச் ஆறு மாதம் பீரோவிலேயே கிடந்தது. போனோடு இணைத்துக்கொள் என்று வரும்போதெல்லாம் நச்சரிப்பான். நான் எத்தனை அடி நடந்தேன் என்று ஒரு மெஷின் வந்து சொல்லவேண்டுமா? சாயந்திரம் கால் வலிக்கிற வலியே சொல்லிவிடும், போடா என்று விரட்டிவிடுவேன்.

போன மாதம் என் திமிர் அடங்கியது. முகப்பேரில் படிக்கும் என் மகள் ரோஷினிக்கு வகுப்பிலேயே வலிப்பு வந்துவிட்டது. பள்ளியிலிருந்து ஒன்பது முறை கூப்பிட்டிருக்கிறார்கள். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு வெட்டும் பவர் பிரஸ் ஓட்டுகிறவள். போனை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் மெஷினில் உட்காரவேண்டும். அந்த இரைச்சலில் எங்கே கேட்கும்? சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன். அடித்துப்பிடித்துப் போய் நின்றேன்.

"ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றாள் ரோஷினி. செத்துப்போகலாம் போல இருந்தது.

அன்றைக்கே வாட்சைப் போனோடு இணைத்தேன். போன் வந்தால் அது அதிரும், அது போதும் எனக்கு. ஆனால் பிரஸ்ஸில் கைக்கு வளையல்கூடக் கூடாது, சிக்கினால் விரல் போய்விடும். நியாயமான சட்டம், அதோடு எனக்குச் சண்டையில்லை. அதனால் இடது கணுக்காலில் கட்டினேன். பட்டை எட்டவில்லை. ரோஷினியின் பழைய பள்ளிப்பை வாரை வெட்டித் தைத்தேன்.

அடுத்த வம்பு, அலமாரி என் மெஷினிலிருந்து ரொம்பத் தள்ளி இருந்தது. இணைப்பு அறுந்து அறுந்து போனது. அலமாரியை ஒட்டியிருந்த பழைய மெஷினை யாரும் சீண்டமாட்டார்கள், பெடல் அவ்வளவு கனம். அதைத்தான் கேட்டு வாங்கினேன். பக்கத்து மெஷின் நாகம்மாள், உனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்றாள். பிடிக்கட்டும்.

சூப்பர்வைசர் தங்கவேல் குனிந்து பார்த்தார்.

"இன்னாம்மா, வாட்ச கால்ல கட்டிகினு கீற?"

"கையிலதான கூடாதுன்னு எழுதி ஒட்டிகீறீங்க? என் பொண்ணுக்கு ஒண்ணுன்னா எனக்குத் தெரியணும் சார். கயட்ட மாட்டேன்."

தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

புதன்கிழமை பதினோரு மணிக்கு இடது கால் அதிர்ந்தது. குனிந்தேன், பள்ளி எண். மெஷினை அணைத்தேன். தங்கவேல் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டிவிட்டேன்.

பள்ளி ஆபீஸ் பெஞ்சில் ரோஷினியைப் படுக்கவைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தாள். கிரீஸ்கூடத் துடைக்காத என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அதுக்குள்ள வந்துட்டியாம்மா?"