எட்டாவது சொடுக்கு

மெத்தைக்காரருக்குச் சர்க்கரை நோயால் கண் போய் வருஷங்கள் ஆகின்றன. தலையணை உறை தைக்கவும் பஞ்சைப் பிரித்து அடைக்கவும் விரல் போதும் என்பார். அந்த அறையில் அவர் விரலுக்கு அடங்காத சாமான் ஒன்றே ஒன்றுதான்: தம்பி வாங்கி வைத்துவிட்டுப் போன டிஜிட்டல் ரேடியோ.

பழைய ரேடியோவில் குமிழைத் திருப்பினால் இரைச்சல் கூடும், குறையும். நிலையம் கிட்டே வருகிறதா விலகுகிறதா என்று காதே சொல்லிவிடும். இதில் அந்தப் பேச்சே கிடையாது. கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போலக் கேட்கும், கிடைக்காவிட்டால் மூச்சுவிடாது. மற்றதெல்லாம் சின்னத் திரையில் எழுத்தாக ஓடும். அதனால் தம்பி, சரக்குக் கப்பலில் எஞ்சின் வேலைக்குக் கிளம்புமுன், அண்ணனின் விரலைப் பிடித்துக் குமிழில் வைத்துப் பழக்கினான். ஒருமுறை அழுத்தினால் நிலையங்களின் பட்டியல் முதலிலிருந்து வரும். பிறகு குமிழைத் திருப்ப, ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு நிலையம். எட்டாவது சொடுக்கில் நிறுத்தி மறுபடி அழுத்தினால் துறைமுக வானொலி. கப்பல் எங்கே நிற்கிறது என்று அதில் சொல்வார்கள், நான் போன் பண்ணவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தக் கப்பல் புயலில் மாட்டிக் காணாமல் போய்விட்டது. கம்பெனியில் கேட்டால் ஒரே பதில்தான்: தேடுகிறோம், எது தெரிந்தாலும் துறைமுக வானொலியில் மதியமும் மாலையும் சொல்வார்கள். அன்றிலிருந்து மெத்தைக்காரர் தைக்கும்போதும் சாப்பிடும்போதும் ரேடியோவை அந்த நிலையத்தை விட்டு நகர்த்தவில்லை.

நேற்றுக் காலை அறையைக் கூட்டும்போது துடைப்பம் பட்டு பிளக் கழன்றுவிட்டது. தடவிப் பார்த்து மாட்டினார். மின்சாரம் வந்ததும் ரேடியோ தானாகவே எல்லா நிலையங்களையும் புதிதாகத் தேடிப் பட்டியலை மாற்றிக்கொண்டது. தேடுகிறேன் என்று அது திரையில்தான் சொன்னது. அவருக்கு எப்படித் தெரியும்? புதிதாக ஒரு விளம்பர நிலையம் துறைமுகத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அவர் வழக்கம்போல எட்டு எண்ணி அழுத்தினார். சோப்பு விளம்பரம் வந்தது. அப்புறம் மெத்தை விளம்பரம். துறைமுகத்துக்காரர்களும் பிழைக்க வேண்டாமா என்று நினைத்தார். விளம்பரம் முடிந்ததும் கப்பல் செய்தி வரும் என்று நேற்று முழுவதும் காத்திருந்தார். இன்று மதியமும் காத்திருந்தார்.

கீழ்வீட்டுப் பெண்ணுக்கு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலை. அங்கே நாள் முழுக்க ரேடியோ பாடும். இன்று மதியம் யாரோ துறைமுக வானொலியை வைத்தார்கள். தேடுதலை நிறுத்திவிட்டார்கள், கப்பலில் இருந்தவர்கள் யாரும் பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று சொல்லி, ஒவ்வொரு பெயராக வாசித்தார்கள். அவள் இஸ்திரிக்கு அடியிலிருந்த விரிப்பு கருகிப் போனது. மாலையில் படியேறும்போது, கடவுளே, இது அவருக்கு முன்னமே தெரிந்திருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஏறினாள். தான் போய்ச் சொல்லும்படி ஆகிவிடக் கூடாதே என்பதுதான் அந்த வேண்டுதல். அதையும் அந்தக் கடவுள் கேட்டிருப்பான், கோபித்திருக்க மாட்டான்.

காலடிச் சத்தத்திலேயே மெத்தைக்காரர் ஆளைக் கண்டுகொண்டார்.

"வா தங்கச்சி. நேத்துலேர்ந்து மெத்தையா விக்கிறான் இவன். என் பிழைப்புல மண்ணைப் போடறான். கப்பல் சேதியை மட்டும் சொல்ல மாட்டேங்கிறான். என்னன்னு கொஞ்சம் பாரேன்."

அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது என்று அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு குமிழைத் திருப்பினாள். எட்டாவதில் விளம்பரம், ஒன்பதாவதில் துறைமுகம். அழுத்திய விரலை எடுக்க மறந்துவிட்டாள். அதிக நேரம் அழுத்தினால் திரையில் ஒரு கேள்வி கேட்கும் ரேடியோ அது. 'இந்த நிலையத்தைப் பட்டியலிலிருந்து நீக்கவா? ஆம். இல்லை.'

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'ஆம்' என்று அழுத்திவிட்டால் போதும். நிலையம் கிடைக்கவில்லை அண்ணா என்று சொல்லிவிடலாம். அவர் இன்னும் கொஞ்ச காலம் தம்பியோடு இருப்பார். பார்த்தால் இரக்கம் மாதிரிதான் இருந்தது. ஆனால் ஒரு மனுஷனை வாசலிலேயே காக்கவைத்துவிட்டு நாம் கதவைச் சாத்திக்கொண்டு போவது இரக்கமாகுமா? குமிழை ஒரு சொடுக்கு நகர்த்தி, 'இல்லை'யில் வைத்து அழுத்தினாள். ஒலியைக் குறைத்தாள்.

துறைமுகம் ஒன்பதாவதுக்குத் தள்ளிப் போயிருக்கிறது என்று சொன்னாள். அவர் சிரித்தேவிட்டார். இதற்கா இந்தப் பாடு, சத்தமாக வை, மாலைச் செய்திக்கு நேரமாகிறது என்றார்.

அவள் பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"வைக்கிறதுக்கு முன்னால நான் ஒண்ணு சொல்லணும்ணா. மத்தியானமே சொல்லிட்டாங்க. தேடறதை நிறுத்திட்டாங்க."

துணியில் இறங்கிய ஊசி இறங்கியபடியே நின்றது.

"அவன் பேரு வந்துச்சா?"

"வந்துச்சுண்ணா."

அவர் ஊசியை மெதுவாக உருவி, தடவிப் பார்த்து, சட்டையில் குத்திக்கொண்டார்.

"அந்த நேரத்துல நான் மெத்தை விளம்பரம் கேட்டுட்டு இருந்திருக்கேன்," என்றார்.

வேண்டாம் அண்ணா, இன்றைக்குக் கேட்க வேண்டாமே என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

"நான் என் காதால கேக்கணும். நீ மட்டும் எழுந்து போயிடாதே."

அவள் ஒலியைக் கூட்டினாள். அறிவிப்பாளர் நிறுத்தி நிதானமாக வாசித்தார். நடுவில் தம்பியின் பெயர் வந்தது. அப்பா பெயரும் சேர்ந்து வந்தது. மெத்தைக்காரரின் உதடு அதைச் சத்தமில்லாமல் திருப்பிச் சொன்னது. இனி எதற்கு என்று அவள் குமிழை நோக்கிக் கையை நீட்டினாள். வளையல் சத்தம் கேட்டு அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இரு. இன்னும் பேரு இருக்கு. அவங்கல்லாம் எந்த வீட்டுப் பிள்ளைங்களோ."

இருவரும் கேட்டார்கள். ஒரு பெயரை அறிவிப்பாளர் தப்பாக வாசித்துவிட்டு, மன்னிக்கவும் என்று சொல்லித் திருத்தி வாசித்தார். அதுதான் சரி என்பதுபோல் மெத்தைக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார்.