ஒரே நாளில் முப்பத்தெட்டாயிரம் படங்கள்

இலவசமாகக் கிடைக்கும் எதையும் கறார் மதித்ததில்லை. இலவசமாகக் கிடைக்கும் எதையும் அவர் விட்டுவைத்ததும் இல்லை.

கறார் என்பது அவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட பெயர். பகலில் அவருக்கு வேறு வேலை. அடுக்குமாடிக் கட்டடங்களுக்குப் போய் லிஃப்டுகளைச் சோதித்து, கயிறு தேய்ந்திருக்கிறது, கதவு மூட நேரமாகிறது, உள்ளே விளக்கு மங்கல் என்று படிவத்தில் குறை எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறார். குறை இல்லாத லிஃப்டைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. சாயங்காலம் வீடு திரும்பி, முகம் கழுவி, கணினி முன்னால் உட்கார்ந்ததும் கறார் ஆகிவிடுவார். வீட்டுக் கணினியில் புகைப்படங்களை ஒழுங்குபடுத்தித் தரும் இலவச மென்பொருள்களைப் பற்றிப் பயனர்கள் கருத்து எழுதும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அதில் அவர் எழுதியவை மட்டும் நானூற்றுப் பதினேழு.

அந்தத் தளத்துக்கு வருகிற ஜனங்களைப் பற்றி அவருக்கு இருந்த அபிப்பிராயம், லிஃப்டுக்குள் ஏறி எல்லாப் பொத்தானையும் அழுத்துகிறவர்களைப் பற்றி இருந்ததைவிடக் கொஞ்சம் மட்டம். ஒருத்தர் ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிட்டு, 'இன்னும் நிறுவவில்லை, பெயரே நன்றாக இருக்கிறது' என்று எழுதுவார். ஓர் அம்மாள், தன் மருமகள் இருக்கும் படங்களை மட்டும் காட்டாமல் இருக்க வழி உண்டா என்று கேட்டிருந்தாள். இன்னொருத்தர் எதைக் கண்டாலும் 'அருமை, பகிர்வுக்கு நன்றி' என்பார். கணினியே கெட்டுப்போய்விட்டது என்று ஒருவன் அழுத இடத்திலும் அதையே எழுதியிருந்தார். அலமாரியில் கிடக்கும் காகிதப் படங்களையும் இது அடுக்கிக் கொடுக்குமா என்று விசாரித்த ஒரு மனிதருக்குக் கறார் பதினான்கு வரியில் பதில் சொன்னார். அந்த மனிதர் அதற்கப்புறம் தளத்தின் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

யார் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரு வரியை முத்திரை மாதிரி குத்திவிட்டுத்தான் போவார்: 'உதவிப் பக்கத்தைப் படிக்காமல் இங்கே வந்து மூக்குச் சிந்துவது சிலருக்குப் பொழுதுபோக்கு.'

மென்பொருள்களுக்கும் அதே மரியாதைதான். நாலு படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கருத்து எழுதுகிறவன் சோம்பேறி என்பது அவர் கட்சி. அதனால் புதிதாக எது வந்தாலும், வீட்டிலிருந்த அத்தனை படங்களையும் தூக்கி அதன் வாயில் கொட்டுவார். முப்பத்தெட்டாயிரம் படங்கள். மகள் பிறந்ததிலிருந்து வேலைக்குப் போனதுவரை, இரண்டு வீடு மாறியது, நாய் வந்தது, நாய் போனது, எல்லாம் அதில் இருந்தன. முதலில் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு விளையாடக் கூடாதா என்று மனைவி ஒரு தடவை கேட்டாள். நகல் கணினியில் செருகுகிற வெளி வட்டில் இருக்கிறது, உனக்கு இதெல்லாம் புரியாது என்றார். பிறகு அந்த வெளி வட்டையும் சேர்த்தே மென்பொருளுக்குக் காட்டினார். சோதனை என்றால் முழுச் சோதனையாக இருக்க வேண்டும் அல்லவா?

இப்படிப் பத்து மென்பொருள்களைக் கிழித்துத் தோரணம் கட்டிய பிறகு, போன மார்ச்சில் பதினோராவதாக ஒன்று வந்தது. அதற்கு மட்டும் கறார் ஐந்து நட்சத்திரம் கொடுத்தார். தளமே வாயடைத்துப் போனது. முந்நூற்று நாற்பது பேர் நன்றி சொன்னார்கள்.

முடிதிருத்தும் நிலையத்துப் பெண்தான் முதலில் பார்த்தவள். கறாரின் மனைவிக்குப் பின்கழுத்தில் முடியை ஒதுக்கிவிட்டு, இந்த மச்சம் முன்னாடி இவ்வளவு பெரிசாக இருந்த மாதிரி ஞாபகம் இல்லையே அக்கா என்றாள். தன் பின்கழுத்தை யார் பார்த்திருக்கிறார்கள்? மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவாள். ஆனால் அந்த மச்சம் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது.

தோல் மருத்துவர் பெரிய கண்ணாடியை வைத்து அதிக நேரம் பார்த்தார். பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். பல வருடமாக இதே அளவில் இருந்தால் காத்திருந்து பார்க்கலாம். சமீபத்தில் வளர்ந்திருந்தால் காத்திருப்பதற்கில்லை. மச்சம் தெரிகிற மாதிரி, எப்போது எடுத்தது என்று உறுதியாகத் தெரிகிற ஒரு படம் கிடைத்தால் திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார்.

"அதுக்கென்ன, எங்க வீட்டுல முப்பத்தெட்டாயிரம் படம் இருக்கு. எல்லாம் ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கேன்" என்றார் கறார்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தார்கள். பதினோராவது மென்பொருள் முகங்களைக் கண்டுபிடித்து ஆள்வாரியாகப் பிரித்து வைத்திருந்தது. மனைவியின் முகம் நாலாயிரத்துச் சொச்சம் படங்களில் இருந்தது. எல்லாம் முன்பக்கம். முகம் தெரியாத படங்களைத் தனியாக ஒரு மூலையில் குவித்திருந்தது, அதில் இரண்டாயிரம். கறார் அவற்றுக்கு 'கழிவு' என்று பெயர் வைத்திருந்தார். கால், கதவு, நாயின் வால், யாருடையதோ முழங்கை. பன்னிரண்டு மணிக்கு அவள் விரல் திரையில் நின்றது.

புது வீட்டுக்கு வந்த அன்று. முடியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, துணி துவைக்கும் இயந்திரத்தின் அட்டைப்பெட்டியைக் குனிந்து பிரிக்கிறாள். பின்கழுத்து பளிச்சென்று தெரிந்தது. சங்கிலியின் கொக்கிக்குக் கீழே ஒரு புள்ளி. இது என் தம்பி எடுத்தது என்றாள். அவன் படம் எடுத்தால் எல்லோருக்கும் முதுகுதான் விழும். எல்லோரும் சிரித்து முடித்துத் திரும்பிய பிறகுதான் பொத்தானை அழுத்துவான்.

தேதியைப் பார்த்தார்கள். போன மார்ச் பதினாலு.

புது வீட்டுக்கு வந்து நாலைந்து வருடம் ஆகிறதே என்றாள். எந்த வருடம் என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. கறார் அடுத்த படத்தின் தேதியைப் பார்த்தார். மார்ச் பதினாலு. மகளுக்கு முதல் பல் விழுந்தது, மார்ச் பதினாலு. அவள் பட்டம் வாங்கியது, மார்ச் பதினாலு. அன்றைக்கு ஒரே நாளில் அந்தப் பெண் பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் போய், படித்து முடித்து, வேலைக்கும் சேர்ந்திருந்தாள். வெளி வட்டைச் செருகினார். அங்கேயும் பதினாலுதான்.

தளத்துக்கு ஓடினார். தன்னுடைய ஐந்து நட்சத்திரக் கருத்துக்குக் கீழே, எட்டு மாதம் முன்பே ஒருவர் எழுதியிருந்தார். 'கோழித்தூக்கம்' என்பது அவர் புனைபெயர். படங்களை உள்ளே சேர்க்கும்போது கீழே ஒரு சின்னக் கட்டத்தில் குறி இருக்கும், அதை எடுக்காவிட்டால் படம் எடுத்த தேதியை அழித்துவிட்டுச் சேர்த்த தேதியை எழுதிவிடுகிறது, ஜாக்கிரதை என்று பொறுமையாக விளக்கியிருந்தார். அதற்குக் கறாரின் பதிலும் இருந்தது: 'கட்டத்தைப் பார்க்கத் தெரியாதவர்கள் கணினியை விற்றுவிட்டுத் தூங்கப் போகலாம்.' அதற்கு நூற்றிருபது பேர் கை தட்டியிருந்தார்கள்.

கறார் அந்தக் கட்டத்தைப் பார்த்திருக்கவில்லை.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தத் தளத்தில் ஒரு கேள்வி கேட்டார். மாறிப்போன தேதிகளைத் திரும்ப எடுக்க முடியுமா, அவசரம், மருத்துவக் காரணம் என்று எழுதினார். பத்து நிமிடத்தில் பதில்கள் குவிந்தன. முதல் ஐந்து பதில்களும் ஒரே வரி: உதவிப் பக்கத்தைப் படிக்காமல் இங்கே வந்து மூக்குச் சிந்துவது சிலருக்குப் பொழுதுபோக்கு. எட்டு வருடமாக அவர் குத்திய முத்திரையை ஆளாளுக்கு எடுத்து அவர் நெற்றியிலேயே குத்தினார்கள். ஆறாவதாக ஒருவர் 'அருமை, பகிர்வுக்கு நன்றி' என்றிருந்தார். ஏழாவது பதில் கோழித்தூக்கத்துடையது. திரும்ப எடுக்க முடியாது, அழித்துத்தான் எழுதுகிறது, வருந்துகிறேன் என்று இருந்தது. அதில் கேலி இல்லை. மற்ற ஆறையும்விட அதுதான் கறாருக்குத் தாங்கவில்லை.

"மடப்பசங்க" என்றார் திரையைப் பார்த்து.

மனைவி பின்னால் நின்று எல்லாவற்றையும் படித்துவிட்டிருந்தாள். சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து நாலு சமாதானம் தயாராக வைத்திருந்தார். நாலும் வீணாகப் போயின. அவள் ஒரு கையால் பின்கழுத்தைத் தொட்டுக்கொண்டு மறு கையால் கைபேசியை எடுத்தாள்.

"யாருக்குப் பண்றே?"

"தம்பிக்கு."

"அவன்கிட்ட என்ன இருக்கப் போகுது?"

"என் முதுகு இருக்கும்" என்றாள்.

தம்பி ரொட்டித் தொழிற்சாலையின் வேன் ஓட்டுகிறவன். மதியச் சுற்றை முடித்துவிட்டு, மாவு ஒட்டிய சட்டையோடு, ஓரம் உடைந்த மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அந்த மடிக்கணினியைப் பற்றி இந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கறார் எத்தனையோ தடவை பேசியிருக்கிறார். படம் அடுக்கத் தெரியாதவன், எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிப் போடுகிறவன் என்று மகளிடம் உதாரணம் காட்டியிருக்கிறார். தம்பி ஒரு தடவைகூட எதிர்த்துப் பேசியதில்லை. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான்.

"எனக்கு அந்த மென்பொருளெல்லாம் தெரியாது மாமா. எடுத்ததை எடுத்த மாதிரியே போட்டு வெச்சிருக்கேன்" என்றான்.

மூட்டைகளுக்கு அவன் வைத்திருந்த பெயர்களைப் பார்த்துக் கறாருக்கு வழக்கம்போல வாய் துறுதுறுத்தது. 'அக்கா வீடு மாத்தினது.' 'மழையில மாட்டினது.' 'மாமா கத்தினது.' கடைசிப் பெயரைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் மூன்று முதுகுகள் கிடைத்தன. வீடு மாறியது நாலு வருடத்துக்கு முந்தைய ஜூன். இரண்டாவது, இரண்டு வருடத்துக்கு முன், பேருந்து நிறுத்தத்தில். மூன்றாவது போன வருடம் ஆகஸ்ட், இதே சமையலறையில். மூன்றிலும் தேதியும் மணியும் படம் எடுத்தபடியே இருந்தன. மூன்றிலும் அதே சங்கிலி, அதே கொக்கி.

அவள் சங்கிலியைக் கழற்றி, கடையிலிருந்து கொண்டு வந்திருந்த அளவுகோலால் கொக்கியை அளந்தாள். ஆறு மில்லிமீட்டர். பிறகு ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கி, கொக்கியை வைத்து மச்சத்தைக் கணக்கிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதினாள். மூன்று. மூன்று. நாலரை. அப்புறம் தம்பியிடம் தன் கழுத்தை இப்போது அளக்கச் சொன்னாள். எட்டு. எழுதி முடித்துப் பேனாவை மூடும்போது மூடி இரண்டு தடவை தவறியது. கறார் எடுத்து மூடிக் கொடுக்கப் போனார். அவள் பேனாவைத் தம்பியிடம் கொடுத்தாள்.

திங்கட்கிழமை மருத்துவர் அந்தத் துண்டுக் காகிதத்தைப் பார்த்தார், மூன்று படங்களைப் பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். இவ்வளவு தெளிவாக யாரும் கொண்டு வந்ததில்லை என்றார். மறுத்துக் கேட்க இடம் வைக்காமல், மச்சத்தை இன்றைக்கே எடுத்துவிடலாம் என்றார். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. ஏழு தையல்.

பதினோரு நாள் கழித்துப் பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட வகைதான். ஆனால் மேல்தோலைத் தாண்டி இறங்கவில்லை. சுற்றிலும் சுத்தமாக வந்துவிட்டது. இன்னும் ஒரு வருடம் காத்திருந்து பார்த்திருந்தால், என்று ஆரம்பித்த மருத்துவர் அந்த வாக்கியத்தை முடிக்காமல் தையலைப் பிரிக்க எழுந்தார்.

இனி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை முதுகையும் கழுத்தையும் படம் எடுத்து வைக்க வேண்டும், தேதி முக்கியம், முதல் படத்தை இப்போதே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார். மனைவி நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முடியைத் தூக்கிப் பிடித்தாள். கறார் கைபேசியை எடுத்தார். வெளிச்சம் விழுகிற பக்கமாக இரண்டு அடி நகர்ந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். படம் நன்றாகவே வந்திருந்தது.

"இதை நான் பத்திரமா..." என்று ஆரம்பித்தார்.

"தம்பிக்கு அனுப்புங்க" என்றாள் திரும்பாமலே.

அனுப்பினார். அவள் கையை மட்டும் பின்னால் நீட்டிக் கைபேசியை வாங்கி, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்தாள். தேதியையும் ஒரு தடவை பார்த்தாள். அப்புறம்தான் முடியை விட்டாள்.